இடமாற்றத்தை விசாரணை என்று சொல்லாதீர்கள்

"அவரை மாத்தியாச்சு ஐயா. இனிப் பிரச்சினை இல்லை."

திருகோணமலையில் ஓர் அலுவலகத்தில் போன மாதம் எனக்குக் கிடைத்த பதில் இது. எங்கள் காணிக் கோவை இரண்டு வருடமாக ஒரே மேசையில் கிடந்தது. பொறுக்க முடியாமல் அந்த மேசை உத்தியோகத்தர்மீது எழுத்தில் முறைப்பாடு கொடுத்தேன். விசாரித்தீர்களா, அவரிடம் விளக்கம் கேட்டீர்களா, கோவை இப்போது எங்கே? மூன்றுக்கும் பதில் இல்லை. ஆளை மூதூருக்கு அனுப்பிவிட்டார்கள், அவ்வளவுதான்.

அவர் பிழை செய்திருந்தால் மூதூர்ச் சனம் என்ன பாவம் செய்தது? செய்யாதிருந்தால் அந்த மனுசனை ஏன் அலைய விட்டார்கள்? வீடு வந்தும் இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

ஒழுக்காற்று நடவடிக்கைக்கென்றே அரச ஊழியருக்கான விதிநூலான தாபன விதிக்கோவையில் இரண்டாம் தொகுதி இருக்கிறது. பூர்வாங்க விசாரணை, குற்றப்பத்திரம், உத்தியோகத்தரின் பதில், முறைசார் விசாரணை, பிறகுதான் தண்டனை. இந்த ஒழுங்கு உத்தியோகத்தரைக் காப்பதற்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். முறைப்பாடு செய்தவனுக்கும் உண்மை தெரியவர இதைவிட வேறு வழி இல்லை.

என் அப்பா அந்தக் காலத்து எழுதுவினைஞர். கோடீஸ்வரன் வழக்கைப் பற்றிப் பேசத் தொடங்கினால் அவருக்குச் சாப்பாடு மறந்துபோகும். கேகாலை கச்சேரியில், அதாவது மாவட்ட அரச அலுவலகத்தில், வேலை செய்த செல்லையா கோடீஸ்வரன் சிங்களத் தேர்ச்சிப் பரீட்சைக்குத் தோற்றவில்லை. சம்பள ஏற்றத்தை நிறுத்தினார்கள். 1956ஆம் ஆண்டின் அரச கரும மொழிச் சட்டமே அரசியலமைப்புக்கு முரணானது என்று சட்டமா அதிபருக்கு எதிராக அவர் வழக்குப் போட்டார். 1964இல் மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 1967இல் உயர் நீதிமன்றம் மொழிச் சட்டத்தைத் தொடவேயில்லை. முடியின், அதாவது அரசின், ஊழியர் சம்பளத்துக்காக அதன்மீது வழக்குத் தொடர முடியாது என்று சொல்லிக் கதவைச் சாத்தியது. 1969இல், அப்போது எங்கள் இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவிக் கவுன்சில் அந்தக் கதவைத் திறந்து, மொழிச் சட்டம் செல்லுமா என்ற மற்றக் கேள்வியைத் திருப்பி அனுப்பியது. அந்தக் கேள்விக்கு இன்றுவரை தீர்ப்பு இல்லை. இடையில் 1972 அரசியல் யாப்பு வந்துவிட்டது.

அதே யாப்புத்தான் நியமனம், இடமாற்றம், பதவிநீக்கம் எல்லாவற்றையும் அமைச்சரவையின் கையில் கொடுத்தது. அமைச்சருக்கு "முடியாது" என்று சொன்னவர் அடுத்த கிழமை எங்கே இருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். 2001இல் 17ஆம் திருத்தம் வந்துதான் இப்போதைய யாப்பின் 55ஆம் உறுப்புரையில் உள்ள இந்த அதிகாரம் அரசாங்க சேவை ஆணைக்குழுவுக்குப் போனது. ஆணைக்குழுவை யார் நியமிப்பது என்பது அதற்குப் பிறகும் 2010, 2015, 2020, 2022 என்று ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஆடிக்கொண்டே வந்திருக்கிறது.

கிழக்கில் இந்தப் பாதுகாப்பு இன்னும் மெல்லிதாகும் இடம் ஒன்று உண்டு. கச்சேரியில் இருப்பவர் மத்திய சேவை. வரோதயநகரில் மாகாண அலுவலகங்களில் இருப்பவரும் மாகாணப் பாடசாலை ஆசிரியரும் மாகாண சேவை. 1987ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டத்தின்படி அவர்களுடைய நியமனமும் இடமாற்றமும் ஒழுக்காற்றும் ஆளுநரிடம். அவர் விரும்பினால் மாகாண பொதுச் சேவை ஆணைக்குழுவுக்குக் கையளிக்கலாம், அந்த ஆணைக்குழுவை நியமிப்பவரும் அவரே. ஆளுநரை நியமிப்பவர் ஜனாதிபதி. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்ரெம்பரில் முடிந்தது. ஏன் மாற்றினீர்கள் என்று சபையில் எழும்பிக் கேட்க அதற்குப் பிறகு ஒரு உறுப்பினரும் இல்லை.

வேலைப் பாதுகாப்புக் கூடினதால்தான் அரச உத்தியோகத்தர்கள் வேலை செய்வதில்லை என்று தெருவில் சொல்கிறார்கள். அந்தக் கோபம் எனக்கும் உண்டு, இரண்டு வருடம் படியேறியவன் நான். ஆனாலும் பாதுகாப்பைப் பிடுங்கினால் முதலில் விழுவது சோம்பேறி அல்ல. சோம்பேறிக்குப் பின்னால் எப்போதும் ஒரு அரசியல்வாதி நிற்பார். கள்ளக் காணி உறுதிக்குக் கையெழுத்து வைக்க மறுத்த பிள்ளைதான் தனியே நிற்கும். இழுபடும் விசாரணையை விரைவாக்குங்கள், முறைப்பாட்டின் பேரில் செய்யும் இடமாற்றத்துக்குக் காரணத்தை எழுத்தில் கொடுங்கள். அதைத்தான் கேட்கிறேன்.

2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் நேற்று விண்ணப்பம் கொடுத்தேன். 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் தீர்மானம் சொல்ல வேண்டும். கேட்டவை இரண்டு: என் கோவை எங்கே, என் முறைப்பாட்டுக்கு அந்த உத்தியோகத்தரிடம் விளக்கம் வாங்கினீர்களா? இரண்டாவது எனக்கு எதற்கு என்று விண்ணப்பத்தை வாங்கிய தங்கச்சி கேட்டாள். அவரைப் பற்றி எழுதிக் கொடுத்தவன் நான், அவர் சொன்னது என்ன என்று எனக்குத் தெரிய வேண்டும் பிள்ளை என்றேன்.