ஜெர்சி விற்று வீரரின் விலையை எடுத்துவிட முடியாது

கால்பந்து கிளப்புகள் வீரர்களை வாங்கும் ஒவ்வொரு கோடையிலும் இதே பேச்சு வந்துவிடுகிறது: "பெரிய வீரரை வாங்கினால் என்ன, ஜெர்சி விற்றே பணத்தை எடுத்துவிடலாம்." 2016-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட் கிளப் பிரான்ஸ் வீரர் போக்பாவை வாங்கியபோதும் இப்படித்தான் பரவியது. இது தவறு.

யுனைடெட்டின் ஜெர்சியைத் தயாரித்து விற்பது அடிடாஸ். பொதுவாக விற்பனையில் 10 முதல் 15 சதவீதம் வரைதான் கிளப்புக்கு வரும். ஒரு ஜெர்சியில் 6 பவுண்டு கிடைப்பதாகவே வைத்துக்கொள்வோம். போக்பாவின் விலை சுமார் 8.9 கோடி பவுண்டு. அதை எடுக்க ஏறக்குறைய ஒன்றரைக் கோடி ஜெர்சி விற்க வேண்டும், அதுவும் அவர் பெயர் போட்டதாக! சம்பளம் இதில் சேரவில்லை. அவர் வராவிட்டாலும் ரசிகர்கள் வேறு பெயரில் ஒரு ஜெர்சி வாங்கியிருப்பார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

சரி, அப்படியானால் பணம் எங்கிருந்து வருகிறது? அடிடாஸ் 2015 முதல் 10 ஆண்டுகளுக்கு 75 கோடி பவுண்டு தர ஒப்புக்கொண்டிருந்தது. அப்புறம் தொலைக்காட்சி உரிமை, டிக்கெட், மற்ற விளம்பரதாரர்கள். வீரரின் விலையையும் கணக்கில் ஒரே ஆண்டில் எழுதுவதில்லை. ஒப்பந்த ஆண்டுகளுக்குப் பிரித்து எழுதுவார்கள். ஐந்தாண்டு ஒப்பந்தம் என்றால் போக்பாவுக்கு ஆண்டுக்குச் சுமார் 1.8 கோடி. அந்தச் சுமை ஜெர்சி விற்பதால் குறையாது. ஓராண்டு நீட்டித்த ஒப்பந்தமும் முடிந்து 2022-இல் அவர் இலவசமாகவே வெளியேறினார். விற்று ஒரு பவுண்டுகூடத் திரும்பவில்லை.

உங்கள் கிளப் இந்தக் கோடையில் யாரை வாங்கலாம் என்று பேசும்போது, ஜெர்சிக் கடையை விட்டுவிட்டு ஆண்டுக் கணக்கறிக்கையைப் பாருங்கள்.