பன்னிரண்டு அடிச் சுவர்

(சேலம் செவ்வாய்ப்பேட்டை. முன்னாள் ரெக்கார்டிங் சென்டர், இந்நாள் ரீசார்ஜ் கடை. பின்னறையில் எல்பி இசைத்தட்டு அடுக்கு மட்டும் அப்படியே இருக்கிறது.)

தம்பி: மொத்தம் பன்னண்டு வேணும்ங்கண்ணா. எல்லாமே மியூசிக்கோட போக்கையே மாத்துன ஆல்பமா இருக்கணும்.

பெரியவர்: பன்னண்டுதான் மாத்துச்சா?

தம்பி: எங்களுக்குப் பன்னண்டு போதும்.

பெரியவர்: நல்லது. மொதல்ல ஊசி எப்படி இருக்குதுன்னு சொல்லுங்க. தேஞ்ச ஊசிக்கு நான் தட்டு குடுக்கறதில்ல.

தம்பி: ஊசி இல்லீங்கண்ணா, ஆணி. ஒண்ணரை இஞ்ச். புதுசு.

பெரியவர்: ஆணியா? ஓ, குழாய் வச்ச பழைய கிராமபோனா! அதுல எல்பியப் போட்டுடாதீங்க சாமி. அது நிமிசத்துக்கு 78 தடவ சுத்துற அரக்குத் தட்டுக்கு. அந்த இரும்பு ஊசி எல்பியை உழுதே எடுத்துடும்.

தம்பி: ஒரு தட்டுக்கு ஒண்ணு போதும்லண்ணா?

பெரியவர்: அந்தக் காலத்துல பக்கத்துக்கு ஒண்ணு. தட்டைத் திருப்புனா ஊசியை மாத்தணும்.

தம்பி: நாங்க திருப்பவே மாட்டோம். ஒருதடவ அடிச்சா அடிச்சதுதான்.

பெரியவர்: அடிச்சா?

தம்பி: நடுவுல ஓட்டை இருக்குதுல்ல, அதுலயே அடிச்சிடலாம்னு கார்பென்ட்டர் சொன்னாரு.

(பெரியவர் கையில் எடுத்திருந்த தட்டை மெதுவாக உறைக்குள் தள்ளி, உறையை அலமாரிக்குள் தள்ளி, அலமாரிக் கதவையும் சாத்தினார்.)

பெரியவர்: எங்க அடிக்கப் போறீங்க?

தம்பி: ஏற்காட்டுலங்கண்ணா. ஏரிக்கு மேல கஃபே போட்டிருக்கோம். சுவரு பன்னண்டு அடி. ஒரு கவர் ஒரு அடி. அதான் பன்னண்டு.

பெரியவர்: தட்டுதான் ஒரு அடி. கவரு பன்னண்டேகால் இஞ்சுக்கும் கொஞ்சம் கூட. பன்னண்டை வரிசையா அடிச்சா மூணு நாலு இஞ்ச் பாத்ரூம் பக்கம் நீட்டிக்கிட்டு நிக்கும்.

தம்பி: ஐயையோ. அப்ப பதினொண்ணு.

பெரியவர்: இப்ப மியூசிக்கோட போக்கை மாத்துனது பதினொண்ணு ஆயிடுச்சு. நல்லவேளை, சுவரு எட்டடியா இல்ல.

(இந்த மாதிரி ஒரு சுவரை மலைமேல் நானே பார்த்திருக்கிறேன். நடுவில் ஆணி, பக்கத்தில் நியான் விளக்கில் ராக் இசையைப் பற்றி ஒரு வீர வாசகம். கிட்டப் போய்ப் பார்த்தால் அதன் கீழே தொங்குவது பாதி தேய்ந்த பக்திப் பாடல் தட்டு. காபி நன்றாகத்தான் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.)

தம்பி: பேரெல்லாம் ரீல்ஸ் பாத்து எழுதிட்டு வந்தேன். படிக்கட்டுமா?

பெரியவர்: இருங்க. ரொம்ப நேரமாக் கேக்கணும்னு நெனச்சேன். பனியன்ல என்ன, ஈசிஜியா?

தம்பி: டிசைனுங்கண்ணா. ஆன்லைன்ல வாங்குனது.

பெரியவர்: அத்தனை கோடும் மேல மேல குதிக்குது. ஒரு நல்ல டாக்டரைப் பாருங்க.

தம்பி: சும்மா டிசைனுங்கண்ணா!

பெரியவர்: சரி, படிங்க.

தம்பி: மொதல்ல... சார்ஜென்ட் பெப்பர்ஸ். பீட்டில்ஸ். 1967. எல்லா லிஸ்டுலயும் இருக்குது.

பெரியவர்: எதுக்கு இருக்குது?

தம்பி: கவர்ல ஏகப்பட்ட பேர் நிக்கறாங்க. கலரா இருக்குது.

பெரியவர்: ஈசிஜி ஏறுது தம்பி. 1965 கடைசியில பீட்டில்ஸ் ரப்பர் சோல்னு ஒண்ணு விட்டாங்க. அமெரிக்காவுல பீச் பாய்ஸ் குரூப்புல பிரையன் வில்சன்னு ஒருத்தர். அதை முழுசாக் கேட்டாரு. ஒரு பாட்டுகூட சும்மா ரொப்பறதுக்கு வச்சதா இல்லையேன்னு ஆடிப் போயிட்டாரு. நானும் இப்படி ஒண்ணு பண்றேன்னு உக்காந்து 1966ல பெட் சவுண்ட்ஸ் போட்டாரு. சைக்கிள் மணியெல்லாம் அடிக்கும். கடைசியில ரயில் போகும், நாய் குரைக்கும்.

தம்பி: நாய் எங்க மலையிலயே குரைக்குதுங்கண்ணா.

பெரியவர்: அதை பீட்டில்ஸ்ல இருந்த மெக்கார்ட்னி கேட்டாரு. அவருக்குத் தூக்கம் போச்சு. அப்புறம்தான் நீங்க சொன்ன அந்தக் கலர் கவரு. அதையும் நாலே டிராக் மெஷின்ல பண்ணாங்க.

தம்பி: என் போன்லயே எத்தனையோ டிராக் இருக்குது. அப்ப ஒருத்தரைப் பாத்து ஒருத்தர் காப்பியடிச்சிருக்காங்க.

பெரியவர்: பாத்து இல்ல, கேட்டு. காப்பியடிச்சிருந்தா அதே மாதிரி வந்திருக்கும். கேட்டதுனாலதான் வேற மாதிரி வந்துச்சு. அந்த மூணு தட்டையும் அவங்க வரவேற்பறையில மாட்டியிருந்தாங்கன்னா உங்க லிஸ்டே கெடையாது.

தம்பி: சரிங்கண்ணா. ரெண்டாவது, முக்கோணத்துல வெளிச்சம் பட்டுக் கலரு கலராப் பிரியுமே, அது. பிங்க் ஃபிளாய்டு குரூப்போட டார்க் சைடு ஆஃப் த மூன். அது சுவர்ல சென்டருக்கு.

பெரியவர்: 1973. 1988க்குள்ள அமெரிக்காவுல டாப் 200 லிஸ்டுல 741 வாரம் இருந்துச்சு. உங்க கஃபே எத்தனை வாரம் ஆச்சு?

தம்பி: திறப்பு விழாவே அடுத்த மாசம்தான்.

பெரியவர்: நல்லா வரும். பிசிக்ஸ் வாத்தியாருங்க குடும்பத்தோட வருவாங்க. மேல சொல்லுங்க.

தம்பி: அன்னோன் பிளஷர்ஸ். ஜாய் டிவிஷன்னு ஒரு குரூப்பு. 1979. இது எப்படி இருக்கும்னு தெரியல, ரீல்ஸ்ல கவர் காட்டல. உங்ககிட்ட இருக்குதா?

பெரியவர்: உங்ககிட்டதான் இருக்குது.

தம்பி: எங்க?

பெரியவர்: நெஞ்சுல.

(தம்பி குனிந்து தன் பனியனைப் பார்க்கிறார். தலைகீழாகத் தெரிகிறது.)

பெரியவர்: ஈசிஜி இல்ல அது. கேம்பிரிட்ஜ்ல படிச்சிட்டிருந்த ஜோஸ்லின் பெல்னு ஒரு பொண்ணு 1967ல கண்டுபுடிச்ச நட்சத்திரத்தோட ரேடியோ துடிப்பு. முதல் பல்சர்.

தம்பி: பல்சரா? 150 சிசி வச்சிருந்தேன்ணா.

பெரியவர்: இப்ப எனக்குத்தான் ஈசிஜி எடுக்கணும்.

தம்பி: இதெல்லாம் சேலத்துல உக்காந்துக்கிட்டு உங்களுக்கு எப்படிண்ணா?

பெரியவர்: மேல போர்டிங் ஸ்கூல் பசங்க லீவுக்குக் கீழ எறங்கும்போது கேசட்டு கொண்டாருவானுங்க. எனக்கு ஒண்ணு பதிஞ்சு வச்சுட்டுத்தான் திருப்பிக் குடுப்பேன். அப்ப இருபது கொண்டை ஊசி வளைவு தாண்டி பாட்டு கீழ வந்துச்சு. இப்ப தட்டு மேல போகுது, ஆணி வாங்க.

தம்பி: கோவிச்சுக்காதீங்க. ஆனா நீங்களும் ஆல்பத்தைப் பிச்சுப் பிச்சுத்தானே பதிஞ்சு குடுத்தீங்க? எங்கப்பா துண்டுச்சீட்டுல பன்னண்டு பாட்டு எழுதிக் குடுத்துட்டு ஒரு வாரம் நடந்தாராம்.

பெரியவர்: பிச்சோம். அறுபது நிமிசக் கேசட்டு, பக்கத்துக்கு அரைமணி. மூணாவது பாட்டு புடிக்கலன்னு ஃபார்வேர்டு தட்டுனா நாலாவதும் சேந்து ஓடிடும். அதுக்கு பயந்து புடிக்காததையும் கேட்டாங்க. கடைசியில நாடா தேஞ்சது அந்தப் புடிக்காத பாட்டுலதான். உங்கப்பாவைக் கேளுங்க.

தம்பி: அப்ப பதினொண்ணு போக மிச்ச எடத்துக்கு என்ன பண்றதுண்ணா?

பெரியவர்: எட்டு இஞ்ச் மிஞ்சும். ரெண்டு கேசட்டு நிக்கும். இளையராஜாவோட ஹவ் டு நேம் இட், 1986. தியாகராஜருக்கும், பாக்னு (Bach) ஒரு ஜெர்மன் இசைமேதை, அவருக்கும் சேத்துக் காணிக்கை வச்சது. பக்கத்துல ரோஜா, 1992. அது வந்தன்னைக்கு நான் போட்டுப் பாத்துட்டு, ஸ்பீக்கர்தான் போச்சுன்னு திருப்புளி எடுத்துக் கழட்டிட்டேன். அடியில அப்படி ஒரு சத்தம் அதுவரைக்கும் என் கடைப் பெட்டியில வந்ததே இல்ல. 2005ல டைம் பத்திரிகை உலகத்துலயே சிறந்த பத்து சினிமா இசைன்னு போட்டப்ப அதையும் சேத்துச்சு.

தம்பி: சூப்பர்ங்கண்ணா. ஓரத்துல ரெண்டு தமிழ் இருந்தா லோக்கல் டச் வரும்.

பெரியவர்: ஆமா. தமிழுக்கு எட்டு இஞ்ச் தாராளம். அதுவும் கணக்குல மிஞ்சுனது.

தம்பி: விலை சொல்லுங்கண்ணா.

பெரியவர்: வெறும் கவரு தர்றேன். தட்டு எங்கிட்டயே இருக்கட்டும். விலை தட்டோட விலை.

தம்பி: அநியாயம்ணா!

பெரியவர்: உங்களுக்குத் தட்டு எதுக்கு? கடையில என்ன பாட்டு போடுவீங்க?

தம்பி: பாட்டு இல்லீங்கண்ணா. யூடியூப்ல மழைச் சத்தம் எட்டு மணிநேரம் ஓடும். நடுநடுவுல விளம்பரம் வரும், அதுக்குத்தான் ஒரு பையனைப் போட்டிருக்கோம்.

பெரியவர்: ஏற்காட்டுல? மழைச் சத்தம்? ஜன்னலைத் தொறந்து வைக்க வேண்டியதுதானே?

தம்பி: ஜன்னலை எடுத்துட்டுத்தாங்கண்ணா அந்தச் சுவரையே கட்டுனோம்.