மைக் இல்லாமலும் படிக்க வைக்கலாம்

பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்குக் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தில் உதவிப்பணம் கொடுத்த வீடியோவைப் பற்றி எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து என்னை டேக் பண்ணாத ஆள் இல்லை. "உங்க ஊர்ப் புள்ளைங்களுக்கு எவ்வளவு பெரிய உதவி, ஷேர் பண்ணுங்க அக்கா" என்கிறார்கள்.

பார்த்தேன். முழுவதும் பார்த்தேன். பின்னணியில் அழுகிற புல்லாங்குழல், மேடையில் ஆளுயரத்துக்கு ஒரு காசோலை, பிரதம அதிதி கையில் மைக். உயர்தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு எடுத்து கம்பஸுக்குத் தெரிவான பிள்ளையிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, "அப்பா என்ன செய்றாரு?" அடுத்த கேள்வி, "வீட்டுல டொய்லட் இருக்கா?" பிள்ளை என்ன படிக்கப் போகிறது என்று அந்த மண்டபத்தில் கடைசிவரை ஒருத்தரும் கேட்கவில்லை.

வீடியோ முடிந்ததும் எனக்கு வந்த கேள்வி ஒன்றுதான். காசோலையை மடித்துக்கொண்டு எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு, அந்தப் பிள்ளைக்கு ஒரு சந்தேகம் வந்தால் யாருக்குக் கோல் எடுக்கும்? பிரதம அதிதிக்கா?

காசு தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. புலமைப்பரிசில் காசில் படித்து வந்தவள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கமெண்டில் வந்து "வசதியா இருந்துகொண்டு கதைக்கிறா" என்று எழுதுவதற்குச் சிலர் தயாராக இருக்கிறார்கள். நான் சொல்வது, காசு மட்டும் பிள்ளையைக் கரை சேர்க்காது, கூட ஒரு ஆள் வேண்டும் என்பதைத்தான். அந்த ஆளுக்கு மைக் தேவையில்லை.

"அரசாங்கம்தான் மஹாபொல குடுக்குதே" என்பவர்களுக்கு ஒரு கணக்கு. பல்கலைக்கழக மாணவருக்கான மஹாபொல உதவிப்பணம், லலித் அத்துலத்முதலி வர்த்தக அமைச்சராக இருந்த காலத்தில், 1981இல் சட்டம் போட்டுத் தொடங்கியது. எவ்வளவோ வருடம் மாதம் 5,000 ரூபாவிலேயே நின்றது. 2025 வரவுசெலவுத் திட்டத்தில்தான் 7,500 ஆக்கினார்கள். அந்தக் காசுக்குக் கொழும்பில் ஒரு போர்டிங் அறை பிடித்துத் தருகிறவர் இருந்தால் எனக்கும் சொல்லுங்கள், நானும் மாறிவிடுகிறேன். அதிலும் முதல் தவணைக் காசு கைக்கு வரும்போது பிள்ளை கம்பஸுக்கு வந்து மாதங்கள் போயிருக்கும். போர்டிங் அட்வான்ஸ் கேட்பதோ முதல் நாளே. தோட்டத்தில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ஆனதே 2024இல்தான். எந்தத் தாய் எங்கிருந்து கொண்டுவந்து கட்டுவாள்?

ஆகவே காசு வேண்டும். தாராளமாகக் கொடுங்கள். ஆனால் காசை மட்டும் கொடுத்துவிட்டு விலகிக்கொள்வது, விதை நெல்லைக் கையில் தந்துவிட்டு வயல் எந்தப் பக்கம் என்று சொல்லாமல் போவது போலத்தான்.

எனக்கு வயலைக் காட்ட ஒருவர் இருந்தார். துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து பென்ஷன் எடுத்தவர், வீடு கொட்டாஞ்சேனையில். எங்கள் பாடசாலை டீச்சர் ஒருவர் மூலமாகத் தெரிய வந்தவர். பெயரைப் போட்டால் ஏசுவார், அதனால் ஐயா என்றே வைத்துக்கொள்கிறேன். அவரும் அவருடைய சிநேகிதர் சில பேரும் சேர்த்து மாதாமாதம் எனக்குக் காசு தந்தார்கள். தொகையைச் சொன்னால் சிரிப்பீர்கள். என்னைப் படிக்க வைத்தது அந்தத் தொகை இல்லை.

உயர்தரப் பெறுபேறு வந்ததும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்துக்கொண்டு என்னை உட்கார வைத்தார். எந்தப் பாடநெறியை முதலாவதாகப் போடுவது, எதை இரண்டாவதாகப் போடுவது, என் இசட் புள்ளிக்கு (பல்கலைக்கழகத் தெரிவுக்குப் பார்க்கும் தரப்படுத்திய புள்ளி) எது கிடைக்கும், மாவட்டக் கோட்டாவில் எங்கே வாய்ப்பு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். பெரும்பாலான பாடநெறிகளில் நூற்றுக்கு 40 இடம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 இடம் மாவட்டக் கோட்டாவுக்கு, 5 இடம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்பதை அந்த மேசையில்தான் முதல்முதலாகக் கேள்விப்பட்டேன். எங்கள் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், இதையெல்லாம் யார் சொல்வார்கள்? பரீட்சையில் நன்றாகச் செய்தும், அந்த விண்ணப்பத்தில் வரிசையை மாற்றிப் போட்டதால் விரும்பாத இடத்துக்குப் போன பிள்ளைகளை எனக்குத் தெரியும். அவர்களுக்குக் குறையாக இருந்தது மூளையும் அல்ல, காசும் அல்ல. அந்த மேசைதான் இல்லை.

பிறகு கம்பஸ். தமிழ் மொழிமூலம் படித்துவிட்டு வந்து விஞ்ஞான பீடத்தில் உட்கார்ந்தால் எல்லாம் ஆங்கிலம். விளங்காததற்கெல்லாம் தலையாட்டிவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஐயா வீட்டுக்குப் போய் அழுதேன். "வெளங்கல்லன்னா பின்னுக்கு ஒளியாத மகள், முன்னுக்குப் போய் ஒக்காரு" என்றார். அதற்குப் பிறகு ஞாயிறு தவறாமல் ஆங்கிலப் பத்திரிகையின் ஆசிரியர் தலையங்கத்தைச் சத்தமாக வாசிக்க வேண்டும். வாசித்து முடித்தால்தான் அவருடைய மனைவி இடியப்பமும் சம்பலும் கொண்டுவருவார். ஒரு பாடம் ஃபெயிலானபோது, தோட்டத்துக்கே திரும்பிப் போகிறேன் என்று பையைக் கட்டினேன். ஐயா கேட்டார், "அப்ப ரிப்பீட் எக்ஸாம்னு ஒன்னு எதுக்கு வச்சிருக்கான், அவனுக்கு வேலயில்லாமலா?" அவ்வளவுதான். பையை அவிழ்த்துவிட்டேன்.

இதில் எந்த இடத்தில் கெமரா வைத்திருப்பீர்கள்?

எனக்கும் ஒரு மேடை கிடைத்திருக்கிறது, ஐயாவைச் சந்திப்பதற்கு முன்னால். யார் நடத்தியது என்பதை விடுங்கள். அம்மாவை நல்ல சேலை கட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள். வந்தபோது, "இவ்வளவு நல்ல சேலை வேண்டாமே" என்று ஒருத்தர் சிரித்துக்கொண்டே சொன்னார். தந்த பையில் தந்தவர்களின் பெயர் புத்தகம் அளவுக்கு அச்சடித்திருந்தது. அதைக் கொண்டுபோனால் வகுப்பில் வாசிப்பார்கள் என்று அம்மா பையை உட்புறம் வெளியே வரத் திருப்பித் தைத்துத் தந்தார். அந்த அதிதி இதையெல்லாம் யோசித்திருக்க மாட்டார் என்பது தெரியும். யோசிக்க வேண்டிய அவசியம் அவருக்கு வந்ததே இல்லை.

சரி, உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.

"போட்டோ போட்டாத்தான் லண்டன், டொரன்டோவில இருந்து காசு வரும்." உண்மை. இதை நான் மறுக்கவில்லை. தூரத்தில் இருந்து அனுப்புகிறவருக்குக் கணக்குக் கேட்க உரிமை இருக்கிறது. பற்றுச்சீட்டைக் காட்டுங்கள், பெறுபேற்றைப் பெயரை மறைத்துக் காட்டுங்கள். பிள்ளை பட்டம் எடுத்த பிறகு அதுவாக விரும்பினால் படத்தையும் போடுங்கள். டொய்லட் எந்தக் கணக்கில் வருகிறது?

"பிள்ளை சம்மதிச்சுத்தானே ஏறினது." காசோலை உங்கள் கையில் இருக்கும்போது கேட்ட சம்மதம் அது.

"நாங்க எல்லாம் குப்பி விளக்கில படிச்சு வந்தம், எங்களுக்கு யார் குடுத்தது?" வாழ்த்துகள்.

"இலவசக் கல்வி இருக்கு, படிக்கிறவன் எப்படியும் படிப்பான்." இதைச் சொல்கிறவர்களைத்தான் எனக்குத் தாங்கவே முடியாது. கல்வி அமைச்சராக இருந்து 1945இல் இலவசக் கல்வியைக் கொண்டுவந்த கன்னங்கராவே உதவிப்பணத்தில் படித்தவர். அம்பலாங்கொடைப் பக்கத்துப் பையன். காலி ரிச்மண்ட் கல்லூரி அதிபர் டாரல் பாதிரியாரின் கண்ணில் பட்டு, உதவிப்பணம் கிடைத்து, அங்கேயே விடுதியில் தங்கிப் படித்தார். (பாதிரியார் அவரைக் கண்டதும் ஒரு பரிசளிப்பு விழாவில்தானே என்று யாராவது கேட்பீர்கள். ஆமாம், விழாவில்தான். ஆனால் கண்டுவிட்டுக் கைகுலுக்கிப் போகவில்லை, தன் பள்ளிக்கே கூட்டிக்கொண்டு போனார்.) அதனால்தானோ என்னவோ, கன்னங்கரா ஊருக்கு ஊர் மத்திய கல்லூரி கட்டியபோது விடுதியும் சேர்த்துக் கட்டினார். அதெல்லாம் நடந்த காலத்தில் எங்கள் தோட்டப் பாடசாலைகள் துரைமார் கையில் கிடந்தன. அரசாங்கம் அவற்றைப் பொறுப்பெடுத்தது எழுபதுகளில். "எப்படியும் படிப்பான்" என்று சொல்ல முன்னம் இந்த இடைவெளியை யாராவது ஒரு தடவை எண்ணிப் பார்த்தீர்களா?

"நீங்க எவ்வளவு குடுத்தீங்க?" சொல்ல மாட்டேன்.

இன்னுமொன்று. எழுதினால் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும். கொழும்புக்கு எங்கள் பிள்ளைகள் புதிதாக வரவில்லை. புறக்கோட்டைக் கடைகளில் மூட்டை தூக்க வந்தார்கள், உங்கள் வீடுகளில் சமைக்க, கூட்ட வந்தார்கள். அப்போதெல்லாம் அப்பா என்ன செய்கிறார் என்று யாரும் மைக் பிடித்துக் கேட்கவில்லை. இப்போது அதே பிள்ளைகள் புத்தகப் பையோடு வரும்போதுதான் இரக்கம் பொத்துக்கொண்டு வருகிறது, புல்லாங்குழலோடு. கைதட்டிய வரிசையில் எனக்குத் தெரிந்த ஒரு முகம் இருந்தது. ஓ.எல் (சாதாரண தரப் பரீட்சை) எழுதாத ஒரு பிள்ளையை வீட்டு வேலைக்கு வைத்திருக்கிறார். அதைப் பற்றி நான் கேட்டபோது, "அவங்க வீட்டுலயே விட்டுட்டாங்க, நாங்க சாப்பாடு போடுறம்தானே" என்றார். ஆள்தான் வேண்டும் என்று இவ்வளவு நேரம் எழுதினேனே, அந்தப் பிள்ளைக்கு அந்த வீட்டிலேயே ஆள் இருக்கிறார்கள். ஆங்கிலம் தெரிந்தவர்கள், கம்பஸ் முடித்தவர்கள்.

இதற்கு மேல் எழுதினால் சண்டையில் முடியும்.

உயர்தரப் பெறுபேறு வந்ததும் கம்பஸ் விண்ணப்பம் திறக்கும். கைநூலை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளையோடு இரண்டு மணித்தியாலம் ஃபோனில் இருக்கவும், தெரிவான பிறகு முதல் வருடம் முடியும்வரை கோல் எடுத்தால் பதில் சொல்லவும் முடிந்தவர்கள் இன்பொக்ஸ் வாருங்கள். கணிதம், உயிரியல் பக்கம் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். வணிகமும் கலையும் படித்தவர்கள்தான் இல்லை. வந்ததை ஸ்க்ரீன்ஷொட் எடுத்துப் போடுகிறவர்கள் வேண்டாம்.