1990 கடல் தாண்டாது

"வெளிநாட்டில் எங்கு சுகயீனமுற்றாலும் 1990 ஐ அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசமாக வரும்" என்றொரு தகவல் கிளிநொச்சி, முல்லைத்தீவு வட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. திருச்சிக்குப் புறப்படவிருந்த ஓர் அம்மா அதைத் தன் கடவுச்சீட்டு உறையிலேயே எழுதி வைத்திருந்தார். இது தவறு. 1990 சுவசெரிய இலங்கைக்குள் மட்டும் இயங்கும் இலவச அம்புலன்ஸ் சேவை. அம்புலன்சுக்குத் தமிழ்நாட்டில் 108, கனடாவில் 911, பிரித்தானியாவில் 999, சிங்கப்பூரில் 995, ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 112 ஆகியவற்றையே அழைக்க வேண்டும். கட்டணம் நாட்டுக்கு நாடு வேறுபடும். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்புறுதி கேட்கிறார்கள். காப்புறுதிப் பத்திரத்திலுள்ள அவசர உதவி இலக்கத்தையும் (பலர் அந்தப் பக்கத்தைப் புரட்டுவதேயில்லை) கைபேசியில் சேமித்துக்கொள்ளுங்கள். செல்லும் நாட்டின் அரச இணையத்தளத்தில் இவற்றைச் சரிபார்க்கலாம். அந்தத் தகவலை இனிப் பகிர வேண்டாம். பகிர்ந்திருந்தால் அதே குழுவில் திருத்தத்தையும் இடுங்கள்.