மார்க்கெட் இருந்த இடம்

மதுரை வடக்கு ஆவணி மூல வீதியில் அடுக்குமாடி வாகன நிறுத்தம் நிற்கிற இடத்தை எங்கள் வீட்டில் இன்னும் 'மார்க்கெட்டு' என்றுதான் சொல்கிறோம். அங்கே இருந்த சென்ட்ரல் மார்க்கெட் ஊர் ஓரத்து மாட்டுத்தாவணிக்குப் போய் வருடங்கள் ஓடிவிட்டன. அம்மாவுக்கு வாய் மாறவில்லை.

மொத்த வியாபாரத்தை வெளியே கொண்டுபோனதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். விடிகாலையில் லாரி நுழைந்தால் அந்த வீதிகளில் ஆள் நடக்க வழி இருக்காது. மழை பெய்தால் அழுகின தக்காளியும் கோஸ் இலையும் காலடியில் வழுக்கும். என் வருத்தம் வேறு. மொத்தக் கடைகளோடு சேர்ந்து, நாங்கள் கால் கிலோ, அரைக் கிலோ வாங்கின இடமும் போய்விட்டது.

அங்கே கீரை விற்கிற ஆத்தா ஒருவர் இருந்தார். ஈரச்சாக்கை விரித்து அரைக்கீரை, சிறுகீரை, மணத்தக்காளி என்று அடுக்கியிருப்பார். அம்மா கட்டைத் தலைகீழாகப் பிடித்து வேரைப் பார்ப்பார். "வெள்ளன பறிச்சதுத்தா, வேர்ல மண்ணுகூடக் காயல" என்பார் அவர். பேரம் முடிந்ததும் கொசுறாக நாலு கொத்து கறிவேப்பிலை பைக்குள் விழும். அம்மா கேட்டதும் இல்லை, அவர் கொடுக்காமல் விட்டதும் இல்லை. சாயங்காலமானால் மிஞ்சின காயைக் கூறு கட்டிவிடுவார்கள்: கத்தரிக்காய் நாலு, முருங்கைக்காய் ரெண்டு, ஒரு கீற்று பூசணி. மாசக் கடைசியில் எங்கள் வீட்டுச் சாம்பார் அந்தக் கூறில்தான் கொதித்தது.

சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று மாதத்தின் பெயரால் வீதிகளை அமைத்த ஊர் இது. நெல்பேட்டை, வெண்கலக்கடைத் தெரு என்று இடத்தின் பெயரே அங்கே என்ன விற்றது என்று சொல்லிவிடும். பகலில் நாளங்காடி, இரவில் அல்லங்காடி என்று மதுரைக்காஞ்சி பாடியதும் இந்த மதுரையைத்தான். இன்றும் கீழமாசி வீதி மளிகைக் கடைகளைக் கடந்து வந்தால் வற்றலும் பெருங்காயமும் சட்டையில் மணக்கும். பருப்பு நடு ஊரில் கிடைக்கிறது. அதில் போடுகிற காய்க்கு எழுபத்து நாலு வயது அம்மா ஷேர் ஆட்டோ ஏற வேண்டியிருக்கிறது. இல்லையென்றால் தள்ளுவண்டிக்காரர் வருகிற நேரம் பார்த்து வாசலில் நிற்க வேண்டும்.

நடு ஊரில் காய்கறிச் சில்லறைக் கடைகளுக்கு இடமில்லை என்று சொல்வார்கள். புதுமண்டபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்குக் கட்டிய கல் மண்டபம். தையல்காரர்களும் புத்தகக் கடைகளும் பாத்திரக் கடைகளுமாகத் தூண் சிற்பம் தெரியாமல் கிடந்தது. அந்தக் கடைகளை எடுத்தது சரி என்பதுதான் என் கருத்து. ஆனால் அவர்களுக்குப் பக்கத்திலேயே குன்னத்தூர் சத்திரத்தில் இடம் ஒதுக்கினார்கள். துணி தைப்பவருக்கு நடக்கிற தூரத்தில் இடம் பார்க்க முடிந்த ஊரில் கீரைக்காரருக்கு ஏன் முடியாது?

ஸ்பெயினில் பார்சிலோனா நகரத்திலும் காய்கறி மொத்தச் சந்தையை 1971-ல் ஊர் ஓரத்துக்கு மாற்றினார்கள். பழைய நகரத்துக்குள் இருந்த பொக்கேரியா என்ற சில்லறைச் சந்தையில் கை வைக்கவில்லை. இரும்புக் கூரைக்குக் கீழே அது இன்றைக்கும் நடக்கிறது. மொத்தம் வேறு, சில்லறை வேறு என்று பிரித்துப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

நான் கேட்பது பெரிய கட்டடம் இல்லை. மாசி வீதிக்குள், வயதானவர்கள் நடந்து போகிற தூரத்தில், மேலே கூரை போட்ட ஐம்பது திண்ணைகள். காலை ஐந்து மணியிலிருந்து பதினொன்று வரை. சரக்கு மாட்டுத்தாவணியிலிருந்து சின்ன வண்டியில் வரட்டும், லாரி வேண்டாம். அன்றைக்கு உட்கார்ந்தால் அன்றைக்கு மட்டும் வாடகை. கீரை நனைக்க ஒரு குழாய். விடியுமுன் கிராமத்திலிருந்து கூடையோடு வந்து இறங்குகிற பெண்களுக்குக் கதவும் தாழ்ப்பாளும் உள்ள கழிப்பறை. பழைய மார்க்கெட்டில்கூட அவர்களுக்கு அது சரியாக இருந்ததில்லை, இந்த முறை அதை முதலில் கட்டுங்கள்.