வன்னியிலும் இந்தப் பதிவு தொடங்க வேண்டும்

மூடப்பட்ட விஸ்கி வடிசாலைகளின் வரலாற்றை அங்கே வேலை செய்தவர்களின் வாய்மொழியாகப் பதிவுசெய்ய வேண்டும் என்ற கட்டுரையாளரின் கருத்தை முழு மனதுடன் ஏற்கிறேன். ஸ்கொட்லாந்தின் பிரோரா வடிசாலை 1983இல் மூடப்பட்டு 2021இல்தான் மீண்டும் இயங்கியது. முப்பத்தெட்டு ஆண்டுகளில் எத்தனை கைகளின் பழக்கம் மறைந்திருக்கும்!

இலங்கையின் வடக்கே, வன்னியில் எங்களுக்கு இது இன்னும் அவசரமான வேலை. பனஞ்சாராயம் என்றால் யாழ்ப்பாணம் வடமராட்சியின் திக்கம் வடிசாலையை எல்லோரும் சொல்வார்கள். பனையில் ஏறிக் கள் இறக்கியவர்களை யார் கேட்டார்கள்? என் அப்பா புதுக்குடியிருப்புப் பக்கம் பனையில் கள் இறக்கும் சீவல் தொழில் செய்தவர். காலையும் மாலையும் ஏறுவார். மரமேறுவதற்கான நார்வளையமான தளநாரைக் காலில் மாட்டியபடியே, எந்தப் பாளை இன்னும் இரண்டு நாள் பொறுக்க வேண்டும் என்று கீழிருந்தே சொல்லிவிடுவார். பாளையில் கட்டும் மண்முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசினால் புளிக்காத இனிப்பான கருப்பநீர், பூசாவிட்டால் கள். அந்தச் சுண்ணாம்பின் அளவு விரலுக்குத்தான் தெரியும். எங்கள் ஊர்ச் சங்கத்தின் பதிவேடுகள் 2009 இடப்பெயர்வோடு போயின. மிச்சமிருப்பது முதியவர்களின் நினைவு மட்டுமே.

பதிவுசெய்யப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: முகாமையாளர்களோடு நின்றுவிடாதீர்கள். பீப்பாய் செய்தவர், அடுப்பெரித்தவர், இங்கே என்றால் பனங்கட்டி காய்ச்சிய பெண்கள், எல்லோரிடமும் போங்கள். கதிரையில் இருத்திக் கேள்வி கேட்பதைவிட, பாளைக்கத்தியைக் கையில் கொடுத்துவிட்டுக் கேளுங்கள். கை அசையத் தொடங்கினால் பேச்சு தானாக வரும். இதைப் பல்கலைக்கழகங்கள் வந்து செய்யட்டும் என்று காத்திருக்க நேரமில்லை. ஊர்ப் பிள்ளைகளின் கைப்பேசியே போதும்.