மந்திரக் கதை எழுதிய பிள்ளையை மேடையில் வைத்து அவமானப்படுத்துவதா?

சனிக்கிழமை பள்ளி ஆண்டு விழாவில் நடந்ததை ஊரில் பாதிப் பேர் வீடியோவிலேயே பார்த்துவிட்டீர்கள், அதனால் முழுக்க எழுதவில்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளை எழுதிய மாயாஜாலக் கதையைத் தூக்கிக் காட்டி "ராக்கெட் விடுற காலத்துல இது எதுக்கு உதவும்?" என்று கேட்டார் நடுவர். கூட்டம் சிரித்தது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

அந்தக் கதையை நான் படித்தேனுங்க. கொடுமுடியில் ஒரு பையன். அவன் தங்கச்சியின் குரலை யாரோ களவாடிக்கொண்டு கொல்லிமலைக்குப் போய்விடுகிறார்கள். மலைப்பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றனவே, ஒவ்வொன்றிலும் தன்னிடம் இருப்பதில் ஏதாவது ஒன்றைக் கொடுத்தால்தான் மேலே விடுவார்கள். கடைசி வளைவில் கொடுக்க ஒன்றுமில்லாமல் தன் பெயரையே கொடுத்துவிடுகிறான். தங்கச்சிக்குக் குரல் திரும்பி வருகிறது, ஆனால் அண்ணனை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. இதை எழுதியவளுக்கு வயது பதினொன்று. இதற்கா சிரிப்பு?

மந்திரக் கதை பிள்ளையைக் கெடுக்காது. பயமாக இருந்தாலும் கிளம்பிப் போ, போகிற வழியில் துணை கிடைக்கும் என்று அதுதான் சொல்லித் தருகிறது.

காங்கயம் பக்கம் எங்கள் அப்புச்சி (அம்மாவின் அப்பா) தோட்டத்தில், களத்தில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுக்கொண்டு, பொன்னர், சங்கர் என்ற அண்ணன் தம்பியைப் பற்றிய நம் கொங்கு நாட்டு அண்ணன்மார் கதை கேட்டு வளர்ந்தவள் நான். கொம்பன் பன்றியை வேட்டையாடப் பொன்னரும் சங்கரும் அத்தனை ஆட்களோடு கிளம்புவார்கள், பொன்னாச்சி என்ற குட்டி நாயை மட்டும் விட்டுவிட்டுப் போவார்கள். கடைசியில் அந்தப் பன்றியை மடக்க அவள்தான் வர வேண்டியிருக்கும். அந்த இடம் வந்ததும் அப்புச்சி என் பக்கம் திரும்பி "நீதான் கண்ணு பொன்னாச்சி" என்பார். வீட்டிலேயே கடைக்குட்டி நான், பேச வாய் திறந்தாலே அதட்டுவார்கள். அந்த ஒரு வார்த்தை எனக்கு என்ன செய்தது என்று எந்த மார்க் ஷீட்டிலும் இருக்காது. உடுக்கடித்து ராத்திரி ராத்திரியாகப் பாடிய அந்தக் கதையைக் கனடாவைச் சேர்ந்த மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1965-இல் இதே பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கிப் பதிவு செய்தார், பிற்பாடு 26 பகுதி கார்ட்டூனாகவும் எடுத்தார். நாம் என்ன செய்தோம்?

"பெரியார் பிறந்த ஈரோட்டுப் பக்கம் மூடநம்பிக்கையை வளர்க்கலாமா" என்று ஒருவர் இன்பாக்ஸில் கேட்டார். நியாயமான கேள்விதான், நானும் அந்தப் பக்கம் நிற்பவள்தான். ஆனால் மூடநம்பிக்கை என்பது உண்மை என்று சொல்லிப் பயமுறுத்திக் காசு பிடுங்குவது. கதை அப்படியா? மரம் பேசாது என்று பிள்ளைக்கு நம்மைவிட நன்றாகவே தெரியும், தெரிந்துகொண்டேதான் பேச வைக்கிறது. கதை படித்தால் மார்க் குறையும் என்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

விடிகாலை ஐந்து மணிக்கு எழுப்பி, ராத்திரி பத்து வரை டெஸ்ட் வைத்து, ஞாயிற்றுக்கிழமையும் கோச்சிங் அனுப்பி, இத்தனைக்கும் நடுவில் அந்தப் பிள்ளை தானாக ஒரு மலையைக் கட்டி அதில் ஏறியிருக்கிறாள். அதையும் பிடுங்கிக்கொள்ள நாம் யார்? இப்போது நோட்டை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாளாம். அவளுடைய அம்மா சொல்லும்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் தோட்டத்துக் களத்தில் கொம்பன் வேட்டையைச் சொல்லப் போகிறேன். தெரிந்தவர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாங்க. அவளையும் கூப்பிட்டிருக்கிறேன், அவள் கதையை அவளே வாசிக்கச் சம்மதித்தால் அதுதான் முதலில்.